அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்

கட்டில் உள்ளே போகவில்லை.

நீளவாக்கில் திருப்பிப் பார்த்தோம். சாய்த்துப் பார்த்தோம். ஒரு காலைக் கழற்றியும் பார்த்தோம். குழந்தைக் கட்டில்தான், அரண்மனைக் கட்டில் ஒன்றும் இல்லை. வீடு வாங்கியபோது கொடுத்த வரைபடத்தைப் பார்த்து, சின்ன அறைக்குச் சரியாக இருக்கும்படி நானே கடையில் சொல்லிச் செய்தது. ஆனால் அறையின் அகலம் கிட்டத்தட்ட பாதியாகியிருந்தது. கட்டில் நடையிலேயே நின்றது. நானும் என் கணவர் பூபதியும் அதன் இரண்டு பக்கமும் வியர்த்துப்போய் நின்றோம்.

"நான் அப்பவே சொன்னேன், வீடு சுருங்குதுன்னு" என்றேன்.

சொன்னேன்தான். கூடத்தில் பீரோ முனையில் முழங்காலை இடித்துக்கொள்ளும்போதெல்லாம் சொன்னேன். வீடு சுருங்கவில்லை, நீதான் பூசினாற்போல் ஆகிவிட்டாய் என்று அவர் சிரிப்பார். அவர் கணக்கு வாத்தியார். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பரப்பளவு சொல்லிக்கொடுப்பவர்.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடம் காத்திருந்து, எங்களுக்கு ஒரு குழந்தை கிடைக்கப்போகிறது. தேன்மொழி. ஐந்து வயது. காப்பகத்தில் நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நான்காவது முறை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் வந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஆய்வாளர் அம்மா வீட்டைப் பார்க்க வருகிறார். குழந்தைக்கென்று கட்டில் போடுகிற அளவுக்குத் தனி அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடுவாள். இதற்கு மேல் முறையீடு எதுவும் கிடையாது.

எங்கள் குடியிருப்பு நெகிழ்மனை வகையைச் சேர்ந்தது. சென்னையில் நிலம் தீர்ந்துபோன பிறகு வந்த கட்டடங்கள் இவை. பக்கத்துப் பக்கத்து வீடுகளின் சுவர்கள் நகரும். ஒரு வீட்டில் ஆள் குறைந்து அடுத்த வீட்டில் கூடினால் இடம் கைமாறும். யாருக்கு இடம் வேண்டும், யார் தருவார்கள் என்று கேட்பது, சுவரை நகர்த்துவது எல்லாம் கட்டடத்தின் மூளை. விற்றவர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தார்கள். நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுகிறோம். நாம் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், நத்தை வேகத்தில், ஒரு டம்ளரைக்கூடக் கவிழ்க்காமல் நகர்த்திவிடும். சின்ன அறையைக் கிடங்காகப் போட்டு வைத்திருந்தோம். சாமான்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதமாக நெருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. காலி செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"மேஸ்திரி, இந்த ரூம் ஏன் இப்படி ஆச்சு?"

"நீங்கள் கொடுத்த சம்மதங்களின்படி சுவர் உள்ளே நகர்த்தப்பட்டது" என்றது கூரையிலிருந்து அந்தப் பணிவான குரல்.

"நான் எப்ப குடுத்தேன்?"

"நீங்கள் சில முறை. உங்கள் கணவர் பல முறை. கேட்கிறீர்களா?"

கேட்டோம். பற்பசை நுரையோடு பூபதியின் குரல்: "அதுக்கென்ன, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்." செய்தித்தாள் படித்துக்கொண்டே: "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ப்பா." செருப்பு மாட்டிக்கொண்டே: "பக்கத்து வீட்ல அவங்களுக்குப் பெருநாள் சமயம், நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்." நான் இடுப்பில் கை வைத்து அவரை முறைத்துக்கொண்டிருந்தபோதே கடுகு தாளிக்கும் சத்தமும் கூடவே என் குரலும் வந்தன: "பிள்ளைப்பேறுக்குப் பொண்ணு வந்திருக்கா, பாவம். நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்." கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

"அந்த வார்த்தைக்கு உனக்கு அர்த்தம் தெரியுமா?" என்று பூபதி கேட்டார்.

"சந்தேகம் இருந்ததால் ஒவ்வொரு முறையும் 'உறுதியாகவா' என்று திரும்பக் கேட்டேன். 'அட, பரவாயில்லப்பா' என்றீர்கள்."

"சரி, திரும்ப வேணும்னா?" என்றேன் நான்.

"கேட்கலாம். உங்கள் கோரிக்கை பக்கத்து வீட்டுக்குத் தெரிவிக்கப்படும்."

"வேணாம், வேணாம்!" பூபதி பதறினார். "தமா, குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதா? அங்க பச்சப்புள்ள இருக்கு."

"இங்க ஒரு புள்ள வரப்போகுதே."

அவர் கட்டிலின் கழற்றிய காலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஆய்வாளரம்மா கிட்ட பேசிப் பாக்கலாமே. ரெண்டடி முன்னப்பின்ன இருந்தா, அவங்க கொஞ்சம் அட்ஜ..."

நான் பார்த்த பார்வையில் சொல் பாதியில் நின்றது. காபி போடப் போய்விட்டார்.

இந்த ஒரு வார்த்தையில்தான் நம் ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இங்கிலீஷ்காரன் திருகாணிக்கு வைத்திருந்த சொல். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக உட்கார வருபவர் அதைச் சொல்வார். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன்; அங்கே அதற்கு ஒரு மயிரிழை ராவி எடுப்பது என்று பொருள். சர்டிபிகேட் வாங்கப் போனால் மேசைக்கு அடியில் நீட்டு என்று பொருள். கல்யாணத்தன்று என் அம்மா காதோரம் குனிந்து அதைத்தான் சொன்னாள். வாயைத் திறக்காதே என்று பொருள். குழந்தை இல்லாத வருடங்களில் சொந்தக்காரர்கள் சொன்னதற்கு என்ன பொருள் என்று எழுத எனக்கு விருப்பம் இல்லை.

கோபம் பூபதி மேல் தொடங்கி, எப்போது சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனதென்று தெரியவில்லை. ரஹ்மத்தக்கா வீடு. கணவர் கப்பலில். மகள் ஷிஃபானா பிரசவத்துக்கு வந்து, பேரன் பிறந்து நான்கு மாதம். கீழக்கரைக்காரர்கள். தேங்காய்ப்பாலில் இனிப்பாக வட்டலப்பம் செய்தால் எங்களுக்கு ஒரு கிண்ணம் வந்துவிடும். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இரண்டு வீட்டுக்கும் இல்லை. அதில் பாயசமோ சுண்டலோ போகும், மறுபடி ஏதாவது வரும். அந்தக் கிண்ணம் யாருடையது என்பதே எங்கள் இருவருக்கும் மறந்துவிட்டது.

ஆனால் இந்தக் கொஞ்ச காலமாக அக்கா என்னை உள்ளே கூப்பிடுவதில்லை. கதவைப் பாதி திறந்து, வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்வாள். இப்போதல்லவா புரிகிறது! எங்கள் இடத்தையெல்லாம் விழுங்கி உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி விரித்து வைத்திருக்கிறாள், நான் பார்த்துவிடக் கூடாது என்று மறைக்கிறாள். சுவருக்கு அப்பால் ஷிஃபானா சிரிப்பது கேட்டால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். தணிகைவேல் என்று பெயர். தொந்தியும் தூக்கக் கலக்கமுமாக இருந்தார். நடையில் நின்ற கட்டிலைத் தாண்டி வர முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"உங்க மெஷினுக்குத் தமிழ் தெரியல" என்று ஆரம்பித்தேன்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அந்த ஒரு வார்த்தைக்காக நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். முதல்ல வந்த மாடல்ல அதுக்கு ஒரே அர்த்தம். யாராவது அட்ஜஸ்ட்னு சொன்னா ஃபேன் வேகத்தைக் குறைச்சுடும். மாமியார் மருமகள்கிட்ட சொன்னாக்கூட ஃபேன் நிக்கும்."

பூபதி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அப்புறம் உக்காந்து அர்த்தம் பிரிச்சோம். நாப்பது வரைக்கும் எண்ணினோம், அதுக்கு மேல விட்டுட்டோம். கடைசியில எங்க டீம்ல ஒரு பொண்ணு சொன்னா, சார், அர்த்தத்தை எண்ணாதீங்க, ஒண்ணே ஒண்ணு பாருங்க. அடுத்தவங்களைப் பாத்துச் சொன்னா சொல்றவங்களுக்கு ஏதோ வேணும். தன்னைப் பத்திச் சொன்னா சொல்றவங்க எதையோ விட்டுக்குடுக்கிறாங்க. அதைச் சொல்லிக்குடுத்ததும் மேஸ்திரி கப்புனு பிடிச்சுக்கிச்சு. இது வரைக்கும் தப்பே பண்ணலம்மா."

"இதுக்கு ஒரு கம்பெனி வேணுமா? என்னைக் கேட்டிருந்தா கல்யாணத்துக்கு மறுநாளே சொல்லியிருப்பேன்."

"இந்த வீட்லயும் அது சரியாத்தான் கேட்டிருக்கு. நீங்க விட்டுக்குடுத்தீங்க, எடுத்துக்கிச்சு."

"எடுத்து அவங்களுக்குக் குடுத்துருச்சு."

தணிகைவேல் தன் கைக்கருவியில் எதையோ பார்த்தார். இரண்டு மூன்று முறை பார்த்தார். அவர் முகத்தில் தூக்கம் கலைந்துபோயிற்று.

"என்ன சார்?"

"அது... நான் சொல்லக் கூடாதும்மா. நீங்க குடுக்கிறது அவங்களுக்குத் தெரிய வேணாம்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு. தெரிஞ்சா சங்கடப்படுவாங்கன்னு. அதே மாதிரி அடுத்த வீட்டு விஷயத்தை உங்ககிட்ட சொல்லவும் எனக்கு அனுமதி கிடையாது." எழுந்து, கட்டிலைத் தட்டிக்கொடுத்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்குள்ள போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. வாசல்ல நிக்காதீங்க. உள்ள போங்க."

போகும்போது அவர் வாய்க்குள் சிரித்துக்கொண்டது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மறுநாள் லேபுக்கு லீவு போட்டேன். கிண்ணம் என்னிடம்தான் இருந்தது. கோபமாக இருந்தாலும் வெறும் கிண்ணத்தோடு போக எனக்கு மனம் வரவில்லை. சேமியா பாயசம் ஊற்றிக்கொண்டேன். என்ன கேட்கப்போகிறேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அக்கா, எங்க இடம் எங்களுக்குத் திரும்ப வேணும். அவ்வளவுதான். ஒரு வரி.

ரஹ்மத்தக்கா வழக்கம்போலக் கதவைப் பாதி திறந்தாள். "வாம்மா தமயந்தி, குடு" என்று கை நீட்டினாள்.

"உள்ள வரேன்க்கா."

"உள்ளயா... புள்ள தூங்குறான்..."

"சத்தம் போடாம வரேன்."

கதவை நானே தள்ளினேன். கதவு பாதிதான் திறந்தது. மேலே திறக்காமல் எதிலோ இடித்தது. சந்தில் நுழைவதுபோல் உடம்பை ஒடுக்கி உள்ளே போனேன்.

கல்யாண மண்டபம் இல்லை. இதற்கு எங்கள் கூடம் பரவாயில்லை. கதவை இடித்தது பீரோ. அதற்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் ஷிஃபானா பாயை மடித்துப் போட்டு, காலை நீட்ட இடமில்லாமல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தூளி அவள் தலையைத் தொட்டது. சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் மேசையே இல்லை. அக்காவின் முழங்காலுக்குக் கீழே நீலமாகக் கன்றிய ஒரு தடம் இருந்தது. என்னுடையதும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நான் சொல்லிப் பார்த்த வரி எங்கே போயிற்றோ. "என்னக்கா இது?" என்றேன்.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "உன்னைய உள்ள கூப்பிடாதது அதுக்குத்தாம்மா. பாத்தா வருத்தப்படுவேன்னு. நீங்க புள்ளயத் தத்தெடுக்க எழுதிப் போட்டீங்கல்ல, அன்னைக்கு மேஸ்திரி கேட்டுச்சு, பக்கத்து வீட்டுக்குக் குழந்தை வரலாம், கொஞ்சம் இடம் தர முடியுமான்னு. என்ன கேள்வி அது? அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்னேன். அதுக்கு முன்னாடியும் அப்பப்ப குடுத்திருக்கேன், உன் மாமியா வந்தப்ப, தீவாளிக்கு..."

"ஆனா நாங்கதானே உங்களுக்குக் குடுத்தோம்!"

"ஆமா, அதையும் கேட்டுச்சு. இடம் காலியா இருக்கு, எடுத்துக்கிறீங்களான்னு. யாரு குடுத்தான்னு சொல்லல. நீங்களா இருக்கும்னு எனக்கென்ன தெரியாதா? வேணாம், நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்னு சொல்லிட்டேன். புள்ள வரப்போற வீட்டுலருந்து இடத்தைப் புடுங்குறதா?"

அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. எங்களையும் மேஸ்திரி அப்படிக் கேட்டிருக்கிறது. காலியாக இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறீர்களா என்று. நாங்களும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறோம்.

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம்.

"அப்ப இடம் எங்க?" என்றாள் ஷிஃபானா.

பூபதிக்குப் போன் செய்து பள்ளிக்கூடத்திலிருந்து வரவழைத்தேன். நான்கு பேரும் சுவருக்கு முன்னால், ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும்படி நின்றோம். "மேஸ்திரி, அவங்களுக்குச் சொல்ல வேணாம்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார் பூபதி. "நானும்தான்" என்றாள் ரஹ்மத்தக்கா.

"நன்றி" என்றது மேஸ்திரி. அதற்கும் ஓர் ஆறுதல் இருந்ததோ என்னவோ, குரல் அப்படித்தான் கேட்டது. "இரண்டு வீடுகளின் சுவர்களும் தனித்தனி. இரண்டும் உள்ளே நகர்ந்தன. நடுவில் கிடைத்த இடத்தை இரண்டு வீட்டாரும் ஏற்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. திறக்கவா?"

சுவரின் ஒரு பலகை சத்தமில்லாமல் விலகியது. உள்ளே இருட்டு. இந்தக் கட்டடத்தின் வெளிச்சுவர் கண்ணாடி. அறை இல்லாத இடத்தில் கறுத்துக் கிடக்கும். ஆள் நுழைந்ததும் அது மெல்ல வெளுத்தது. பிற்பகல் வெயில் உள்ளே வந்து விழுந்தது. நாங்கள் நால்வரும் நின்றது ஒரு முழு அறையில். கட்டில் போடலாம், மேசை போடலாம், மிச்ச இடத்தில் ஒரு பிள்ளை ஓடலாம். தரையில் ஒரு செருப்புத் தடம்கூட இல்லை. இத்தனை மாதம் இரண்டு வீடும் முட்டியை இடித்துக்கொண்டு கிடந்தோம், நடுவில் இது சும்மா இருந்திருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். ரஹ்மத்தக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். தூளியில் பிள்ளை விழித்துக்கொண்டு கத்தினான், ஒருவரும் போகவில்லை.

"இந்த இடம் யாருக்கு?" என்று கேட்டது மேஸ்திரி.

"உன் பொண்ணுக்குத்தாம்மா" என்றாள் அக்கா. "எங்க பங்கும் சேத்து."

"ஐயோ, அதெல்லாம் வேணாம்க்கா" என்று பூபதி வாயெடுத்தார். "பாதி போதும். நாங்க அட்ஜஸ்ட் பண்..."

பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். பொத்திய கையோடு நிமிர்ந்து, கூரையைப் பார்த்துச் சொன்னேன். "வேணும். எங்களுக்கு வேணும். முழுசா வேணும்."

என் ஆயுளில் அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. உள்ளங்காலெல்லாம் கூசியது. ரஹ்மத்தக்கா, அப்பாடா என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"ஆனா ஒரு கதவு அந்தப் பக்கமும் வைக்கணும்" என்றேன். அதையும் வேணும் என்றே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் அம்மா அளந்தார். "எதுக்கு ரெண்டு கதவு?" என்று கேட்டார். "வட்டலப்பம் வர்றதுக்கு" என்றார் பூபதி. அம்மா எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

தேன்மொழி ஒரு துணிப்பையோடு வந்தாள். அறையைப் பார்த்தாள். கட்டிலில் ஏறச் சொன்னேன். ஏறியவள் சுவரோரமாக, ஒருக்களித்து, உடம்பைக் குச்சிபோல் ஒடுக்கிப் படுத்துக் காட்டினாள். ஏன் என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு பேரு படுக்கணும்ல" என்றாள்.

புதிதாக வருபவர்களிடம் மேஸ்திரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அன்று மாலை கேட்டது. "தேன்மொழி, உனக்கு இந்த இடம் போதுமா?"

அவள் கூரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பெரிய மனுஷிபோல் கையை ஆட்டினாள். "பரவால்ல. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

பூபதி எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டார். குழாய் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. மறுநாள் காலை, தேன்மொழிக்கு எதிரில் உட்கார்ந்து, தட்டைத் தட்டி, "எனக்கு இன்னொரு தோசை வேணும்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முதல் தோசை அது.

அதிலிருந்து வீட்டில் ஒரே வேணும் மயம். எனக்கு ஜன்னலோரம் வேணும். எனக்குப் பெரிய அப்பளம் வேணும். விஷயம் தெரிந்து அந்தப் பக்கத்துக் கதவிலும் தொற்றிக்கொண்டது. ரஹ்மத்தக்கா வந்து நின்று, "எனக்கு இந்தப் புள்ளகிட்டருந்து ஒரு முத்தம் வேணும்" என்பாள். தேன்மொழி எல்லோரையும் ஒரு மாதிரி பார்ப்பாள். கட்டிலில் சுவரோரமாகவே படுப்பாள். ஒரு நாள் அவள் கை மட்டும் நடுவுக்கு வந்திருந்தது. பிறகு ஒரு கால். பூபதி காலையில் வந்து எனக்கு அறிக்கை கொடுப்பார். இந்த அளவெல்லாம் அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

மழைக்காலம் முடிந்து ஷிஃபானாவின் பிள்ளை தவழத் தொடங்கியபோது, தேன்மொழிக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் வாங்கினோம். அவனைப் பின்னால் உட்கார வைத்து அறைக்குள் ஓட்டினாள். திருப்ப முடியவில்லை. கட்டிலில் இடித்தாள். பின்னால் வந்து மறுபடி இடித்தாள். நானும் பூபதியும் அடுப்படியிலிருந்தும், ரஹ்மத்தக்காவும் ஷிஃபானாவும் அந்தப் பக்கத்துக் கதவிலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தோம். சைக்கிளை விட்டு இறங்கினாள். இடுப்பில் கை வைத்தாள், அசல் என்னைப்போல.

"மேஸ்திரி! எனக்கு இன்னும் இடம் வேணும்."

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே வந்தேன்.

"எவ்வளவு?" என்றது மேஸ்திரி.

இரண்டு கையையும் எட்டிய மட்டும் விரித்தாள். "இவ்ளோ!"

"இரண்டு வீட்டாரும் சம்மதிக்க வேண்டும்" என்றது மேஸ்திரி.

இந்தக் கதவிலிருந்து நாங்களும் அந்தக் கதவிலிருந்து அவர்களும் ஒரே குரலில் சொன்னோம். என்ன சொன்னோம் என்று உங்களுக்கே தெரியும். மேஸ்திரி உறுதியாகவா என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பினேன். பீரோவின் முனை முழங்காலில் பழைய இடத்திலேயே நங்கென்று இடித்தது. சுவருக்கு அப்பால் சைக்கிள் மணி கேட்டது. தேய்த்துவிட்டுக்கொண்டே அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.